நான் எழும்பிப் போன வாக்கெடுப்பு

கதவு மூடிக்கொண்டது. உள்ளே முப்பத்தைந்து பேர். வெளியே நானும், கொழுவிகளில் தொங்கிய ஈர ஜாக்கெட்டுகளும்.

சபை மண்டபத்துக்கு வெளியே இருந்த அந்த ஒடுங்கிய நடையில் ஒரு மர வாங்கு கிடந்தது. அதில் போய் இருந்தேன். பனி கரைந்து தெருவெல்லாம் சொதசொதவென்று கிடந்த காலம். நனைந்த கம்பளி மணத்தது. மூலையில் ஒரு கோப்பி இயந்திரம் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது.

சட்டப்படி நான் வெளியே போயிருக்கத் தேவையில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்திருக்கலாம். ஆனால் என் முகம் சும்மா இராது. யாராவது விசர்க்கதை கதைத்தால் என் புருவம் பதில் சொல்லிவிடும். பிறகு அதற்கும் ஒரு முறைப்பாடு எழுதுவார்கள்.

உள்ளே நடந்தது நான் கொண்டுவந்த தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பு. ஒரு தடவை வென்ற தீர்மானம் அது. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்து அதை ரத்துச் செய்துவிட்டது. இப்போது இரண்டாம் தடவை. இந்தத் தடவை என் கை அங்கே இல்லை.

தோற்றால் மண்டபம் போய்விடும். அதோடு என் கதிரையும் போய்விடும் என்று கட்சிக்காரர் எனக்கு மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

எந்த மண்டபம்

சென்ற வாரம் நான் சபைக்குத் தெரிவான கதையை எழுதியிருந்தேன். முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரிக்கிற ஒருத்தி நகரசபையில் போயிருந்து என்னதான் கிழித்தாள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் நக்கல் இருக்கிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

ஒஸ்லோவில் ரயிலேறி லில்லெஸ்ட்ரோம் தாண்டினால் வருகிற சின்னக் கொம்யூன் எங்களுடையது. கொம்யூன் என்றால் நகரசபை, பிரதேசசபை எல்லாம் சேர்ந்த ஒன்று. பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்குள்ளவர்கள் கோபிப்பார்கள், நான் இன்னும் அவர்களோடுதான் பேருந்தில் போய்வர வேண்டும்.

அங்கே பிள்ளைகள் குறைந்து மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் விளையாட்டு மண்டபம் நல்ல கட்டடம். நிர்வாகம் அதை வீடு கட்டுகிற நிறுவனம் ஒன்றுக்கு விற்கப் பார்த்தது. விற்க வேண்டாம், எங்கள் தமிழ்ச் சங்கமும் ஊர் பாண்ட் வாத்தியக் குழுவும் சேர்ந்து நடத்தட்டும் என்பது என் தீர்மானம். எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்பு அதுவரை ஒரு கடைத்தொகுதியின் நிலக்கீழ் அறையில் நடந்தது. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். கொப்பிகள் எல்லாம் பூஞ்சணம்.

முதல் தடவை பதினெட்டுக்குப் பதினேழு என்று வென்றோம். ஒரே ஒரு வாக்கு. அந்த ஒரு கை என்னுடைய கை என்று கடை, கோயில், கொண்டாட்டம் என்று எல்லா இடமும் சொல்லித் திரிந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

இருக்கட்டும்

முறைப்பாட்டைப் பற்றிய முதல் கடிதம் வந்த அன்று நான் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் வேலையில் நின்றேன். இருபது வருடங்களாக அங்கேயுள்ள முதியோர் இல்லத்துக் குசினிதான் என் உலகம். கை முழுக்கக் கிழங்கு மா. ஏப்பிரனில் துடைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தேன்.

சபையில் மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து முறையிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: பத்மா தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகசபை உறுப்பினர். சங்கத்துக்கு நன்மை தருகிற தீர்மானத்தில் அவர் வாக்களித்திருக்கக் கூடாது. ஒரு வாக்கால் வென்றபடியால் அவருடைய கைதான் முடிவை மாற்றியது. ஆகவே தீர்மானம் செல்லாது.

நான் எப்போது நிர்வாகசபையில் இருந்தேன்?

இருந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முந்திக் கலை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். வேலையும் வீடும் இழுத்த இழுப்பில் பொதுக்கூட்டத்தில் எழும்பி, இனி என்னால் ஏலாது, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். செயலாளர் ஞானசேகரம் அண்ணைக்கு முகம் வாடிவிட்டது. அவர் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர், சங்கத்துக்காக உயிரைக் கொடுப்பார்.

“ஏன் தங்கச்சி எடுக்கிறியள்? நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். பேர் இருக்கட்டும், எங்களுக்கு ஒரு மரியாதை.”

நானும், சரி, இருக்கட்டும் என்றேன். எங்கள் ஆட்களிடம் வேறு என்ன சொல்வது? பெயரை எடு என்று அடம்பிடித்தால் சண்டை என்று நினைப்பார்கள். அடுத்த நாளே அதை மறந்துவிட்டேன். அரசாங்கப் பதிவேடு மறக்கவில்லை. அதில் என் பெயர், பிறந்த திகதி எல்லாம் அச்சொட்டாகக் கிடந்தது.

இதில் எனக்கு ஒரு வெட்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் போன முதல் கூட்டத்திலேயே ஒருவர், விடயம் தன் மைத்துனரின் காணியைப் பற்றியது என்று சொல்லி எழும்பி வெளியே போனார். எனக்கு மொழி புரிந்தாலும் விடயம் பிடிபடவில்லை. மனிசனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறாக்கும் என்று ஒரு கிளாஸ் தண்ணீரோடு பின்னால் போனேன். அவர் சிரித்துவிட்டு, தான் இன்ஹபீல் என்றார். தனக்குச் சம்பந்தமுள்ள விடயத்தில் முடிவெடுக்கத் தகுதியில்லாதவர் என்று பொருள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் சம்பந்தமுள்ளவர்தான் முன் வரிசையில் இருப்பார். இங்கே அவர் நடையில் நிற்கிறார்.

அந்தக் கதிரை

முறைப்பாடு போனது ஸ்தாட்ஸ்ஃபோர்வால்தர் அலுவலகத்துக்கு. மத்திய அரசு மாகாணத்துக்கு நியமிக்கிற ஆள் அவர். கொம்யூன்கள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், அரசாங்க அதிபர், ஜீ.ஏ. என்போமே, கிட்டத்தட்ட அந்தக் கதிரை.

அந்தக் கதிரை என்றாலே எனக்கு ஒரு கொதி. என் அப்பா எங்களூர்ச் சபையில் கிளாக்காக இருந்தவர். சந்தைக்கு ஒரு வாய்க்கால் வெட்டவென்று சபை தீர்மானம் போட்டது. கடதாசி அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. ஒரு நாள் சபையையே கலைத்துவிட்டு விசேட ஆணையாளர் என்று ஒருவரை அனுப்பினார்கள். சனம் தெரிவுசெய்த உறுப்பினர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சந்தையில் மாரிக்கு மாரி முழங்கால் தண்ணீரில் நின்று மீன் வாங்கியவள் நான்.

ஆகவே, உங்கள் சபையின் தீர்மானம் செல்லாது என்ற கடைசிக் கடிதம் வந்தபோது எனக்கு அந்தத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. கடிதம் ஒரு நல்ல பள்ளிக்கூட ஆசிரியர் எழுதியதுபோல் மிகவும் அடக்கமாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது, கடிதத்தின் அடியில் இருந்த இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். நிதானமான குரல். நான் வணக்கம் சொன்னேனோ தெரியாது. ஆறாயிரம் வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்டுச் சபைக்கு வந்தவள் நான், உங்களை யார் தெரிவுசெய்தது என்று கேட்டேன். ஆறாயிரம் என்பது பொய். அறுநூறு இருக்கும்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “என்னை ஒருவரும் தெரிவுசெய்யவில்லை. அதனால்தான் உங்களுக்கு மண்டபம் வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது உங்கள் சபை மட்டும்தான். முடிவெடுத்த முறை சரியா என்று மட்டும்தான் நாங்கள் பார்க்கிறோம். திரும்ப எடுங்கள்.”

நியாயமாகக் கதைக்கிற ஆட்களோடு கோபப்படுவது பெரிய கரைச்சல். நான் விடவில்லை, ரயில் வந்து நிற்கும்வரை கோபப்பட்டேன். ஆனால் ‘திரும்ப எடுங்கள்’ என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்களூர் வாய்க்காலுக்கு அதை ஒருவரும் சொன்னதில்லை.

ஓய்வு எடு

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. தேர்தலுக்கு எடுத்த படம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். கீழே சட்டவிரோத வாக்கு என்று தலைப்பு. சபையில் ஒருவர், பத்மா இங்கே வந்தது தன்னுடைய ஆட்களுக்காகத்தானே என்று ஒலிவாங்கியில் சொன்னார். கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை.

அது என்னை உண்மையாகவே சுட்டது. அன்றிரவு என் மனிசன் சாப்பாட்டைப் போட்டுத் தந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

எங்கள் கட்சித் தலைவர் தாரியெ நல்ல மனிதர். கோப்பிக்குக் கூப்பிட்டு, அடுத்த தேர்தல்வரை ஓய்வு எடுத்தால் என்ன என்று கேட்டார். இரண்டாம் வாக்கெடுப்பிலும் தோற்றால் விலகல் கடிதம் தருவது கட்சிக்கு நல்லது என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே பின்வாங்கிவிட்டார்களாம்.

“இருபது வரியமா குசினியிலை நிக்கிறன், ஒருத்தரும் ஓய்வு எடு எண்டு சொன்னதில்லை” என்று முதலில் தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்காது, எனக்கு ஆறுதல். பிறகு அவருக்கு விளங்குகிற மொழியில் சொன்னேன்: நான் கள்ளம் செய்யவில்லை. பிழை விட்டேன். பிழையைத் திருத்துவேன், கதிரையை விட்டு இறங்க மாட்டேன்.

ரொறொன்ரோக்காரரும் காலமானவரும்

முதலில் பெயரை எடுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனேன். ஞானசேகரம் அண்ணைக்கு இன்னும் விளங்கவில்லை. தீர்மானம் உடைந்ததற்கு அந்த மூன்று பேரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் பதிவேட்டின் பிரதியை மேசையில் வைத்தேன். ஒன்பது பெயர்கள். ஒருவர் ரொறொன்ரோவுக்குப் போய்ப் பல வருடம். இன்னொருவர் காலமாகிவிட்டார், அவருடைய முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அவர் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“எப்பிடி எடுக்கிறது? அவரின்டை மனிசி என்ன நினைப்பா?”

நான் தலையில் கைவைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

“உங்கடை பேரையும் எடுத்தா, சங்கத்தோடை பத்மாக்குச் சண்டை எண்டெல்லோ சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும் அண்ணை. நீங்கள் மரியாதைக்கு வச்ச பேராலைதான் மண்டபம் போனது. இண்டைக்கே எடுங்கோ. நான் இருந்து பாத்திட்டுத்தான் போவன்.”

எடுத்தார். மடிகணினியில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எடுத்தார். என்னோடு மனத்தாங்கலில், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்றுகூடக் கேட்கவில்லை.

குன்வோர்

முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்ட மூவரில் குன்வோரும் ஒருத்தி. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், எதிர்க்கட்சி. இதிலே ஒரு சங்கடம், அவளுடைய அக்கா நான் வேலைசெய்கிற இல்லத்தில்தான் இருக்கிறா. கிழமைக்கு இரண்டு தரம் குன்வோர் வருவாள். அக்காவின் தட்டை வாங்கக் குசினி யன்னலுக்கு வருவாள்.

மூன்று கிழமையாக நான் தட்டைக் கொடுப்பேன், முகத்தைக் கொடுக்க மாட்டேன். எங்களுடைய வழக்கப்படி அது பெரிய தண்டனை. எதிராளி அதைக் கவனித்தால்தானே.

ஒரு புதன்கிழமை அவள் தட்டை வாங்காமல் நின்றாள். என்னோடு கோபமா என்று நேரடியாகக் கேட்டாள். இந்த நாட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அப்படிக் கேட்க வரும். ஓம், கோபம்தான் என்றேன்.

“நான் கையெழுத்துப் போட்டது சரி. நாளைக்குக் கேட்டாலும் போடுவேன்” என்றாள். “ஆனால் மண்டபத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவும் இல்லை. முதல் தடவை எதிராக வாக்களித்தேன், ஏனென்றால் ஒருவரும் எனக்கு அதைச் சரியாக விளக்கவில்லை.”

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டுக் கை கிடைத்தவுடன் மற்றப் பதினேழு பேரோடு நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

“அப்படியென்றால் சனிக்கிழமை எங்கள் வகுப்புக்கு வா. நீ ரத்துச் செய்தது என்னவென்று கண்ணால் பார்.”

வருகிறேன் என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு போனாள். கிழங்கு நன்றாக இருக்கிறது என்று அக்கா சொன்னதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னாடை

வந்தாள். நிலக்கீழ் அறை வாசலிலேயே ஞானசேகரம் அண்ணை காத்திருந்தார். அவருடைய கையில் ஒரு பொன்னாடை.

வெள்ளைக்காரி ஒருத்தி, அதுவும் சபை உறுப்பினர், எங்கள் வகுப்புக்கு வருகிறாள் என்றால் சும்மா விடுவோமா? முன்வரிசையில் கதிரை, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் தயார். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் பொன்னாடை அவள் தோளில் ஏறிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குன்வோர் அதைத் தடவிப் பார்த்தாள். மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். பிறகு கழற்றி, நான்காக மடித்து, இரண்டு கையாலும் அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தாள். வாக்கெடுப்பு வரவிருக்கும்போது தான் பரிசு வாங்கக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்றாள். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எங்களிடம் போர்த்த சால்வையைத் திருப்பித் தந்தவர்கள் இல்லை.

அவள் முன்வரிசையில் இருக்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளின் கொப்பியை முகர்ந்து பார்த்தாள். பிறகு கேள்வி தொடங்கியது. மண்டபக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கும்? தீப்பிடித்தால் யார் பொறுப்பு? பாண்ட் குழுவுக்குச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம்கூட ஏன் இல்லை? எல்லாச் சனிக்கிழமையும் தமிழருக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அது நியாயமா?

அந்த வரியை எழுதியது நானேதான். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அவள் ஒரு பென்சிலை எடுத்து, சனிக்கிழமைகளை இரண்டாகப் பிரித்து, என் கண் முன்னாலேயே ஒரு திருத்தம் எழுதினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு இங்கே எழுதுகிறேன்.

நடையில்

இரண்டாம் கூட்டத்துக்கு முன் கொம்யூனின் சட்ட ஆலோசகர் என்னிடம் கதைத்தார். பெயரை எடுத்துவிட்டபடியால் நான் வாக்களிக்க இடமுண்டு என்றார், ஆனால் யாராவது கேள்வி எழுப்பலாம். தாரியெ என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாக்கு ஒரு வாக்குத்தான், இரு என்றார். அவருக்கு எண்ணிக்கை சரியாகத் தெரியும்.

நான் ஒலிவாங்கியை அழுத்தினேன். இந்த விடயத்தில் நான் இன்ஹபீல், என்னை வெளியேற அனுமதியுங்கள் என்றேன். சபை ஏற்றுக்கொண்டது. என் இடத்தில் கட்சிப் பட்டியலில் அடுத்ததாக இருந்த ஆர்ன வந்து இருந்தார். அவர் பழைய தபால்காரர், யார் சொல்லும் கேளாதவர். அவர் எந்தப் பக்கம் என்று அவருடைய மனைவிக்கே தெரியாது.

ஏன் எழும்பினேன் என்று பலர் பிறகு கேட்டார்கள். என் கையோடு வென்றால், பத்மா தன் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்தாள் என்பார்கள். என் கை இல்லாமல் வென்றால் அது ஊர் கொடுத்தது. ஒருவரும், எந்தக் கதிரையும், பிறகு அதைத் தொட முடியாது. அந்தப் பிடிவாதத்தில்தான் எழும்பினேன். தோற்றால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

வாங்கில் இருந்து யோசித்தேன். உள்ளே யாரோ நீளமாகக் கதைத்தார்கள். பெண் குரல். சொற்கள் கேட்கவில்லை. பிறகு மேயரின் சுத்தியல் ஒரு தடவை மேசையில் விழுந்தது.

எழும்பிக் கதவடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தது சபைக் காரியதரிசி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். திருத்தத்தோடு நிறைவேறியது என்றாள். இருபதுக்குப் பதினைந்து.

இருபது. என் கை இல்லாமல் இருபது. கண் நிறைந்துவிட்டது. யாரோ ஒருவருடைய ஜாக்கெட் கையில் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஆர்ன எழும்பி எனக்குக் கதிரையை விட்டார். குன்வோர் தன் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தாரியெ ஒரு துண்டு எழுதி நீட்டினார். இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போய்க் கொண்டாடு என்று இருந்தது. எங்கள் ஆட்களும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழும்பத் தொடங்கினார்கள். ஞானசேகரம் அண்ணை வாசலில் நின்று எனக்குக் கை காட்டினார்.

மேயர் அடுத்த விடயத்தை வாசித்தார். காட்டோரமாக உள்ள பழைய வீதி ஒன்றின் தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதை இன்னும் இரண்டு வருடம் பிற்போடுவது. ஒருவரும் கதைக்கக் கேட்கவில்லை. மேயர் சுத்தியலைத் தூக்கினார்.

நான் பொத்தானை அழுத்தினேன். மேயர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தேர்தல் காலத்தில் அந்த வீதியின் கதவுகளையும் தட்டியவள் நான். ஒரு வீட்டில் கிளாஸில் தண்ணீர் பிடித்துக் காட்டினார்கள், தேத்தண்ணி நிறம். அறிக்கை முழுவதையும் வாசித்திருந்தேன், எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை என்று தெரியும். எனக்குத் தந்த மூன்று நிமிடத்தில் ஒரு விநாடியையும் விடவில்லை. பிற்போடக் கூடாது என்று பிரேரணை வைத்தேன்.

அந்த வீதியில் ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை.